கூடாரத்துக்குள் நாம் பேசுகிறது

அவிசுவாசம் என்ற வார்த்தை காதில் விழுந்தவுடனே நம் மனசு வேறு யாரையோ தேடிப் போகிறது. சாமியே இல்லை என்று மேடையில் பேசுகிறவர், ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட காலேஜ் பையன், இப்படி யாராவது. ஆனால் எபிரெயர் 3:12 யாரைக் கூப்பிட்டுப் பேசுகிறது என்று பாருங்கள். "சகோதரரே" என்றுதான் தொடங்குகிறது. ஜீவனுள்ள தேவனை விட்டு விலகப்பண்ணுகிற அவிசுவாசமுள்ள இருதயம் உங்களில் ஒருவனுக்குள்ளும் இராதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்று சொல்வது ஆலயத்துக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து. அதிலும் அந்த நிருபத்தை முதலில் கையில் வாங்கியவர்கள் லேசான ஆட்கள் இல்லை. அவர்களுடைய பழைய நாட்களைப் பற்றி பத்தாம் அதிகாரத்தில் வருகிறது. நிந்தைகளால் வேடிக்கைப் பொருளாக்கப்பட்டவர்கள், சிறையில் கிடந்தவர்களுக்காகப் பரிதபித்தவர்கள், தங்கள் ஆஸ்தி கொள்ளைபோனதைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டவர்கள். சொத்து போனதற்குச் சந்தோஷப்பட்டவர்களுக்கே இந்த எச்சரிக்கை தேவைப்பட்டது என்றால், வருஷப் பிறப்பு ஆராதனையில் வாங்கின வாக்குத்தத்த அட்டையை பிரிட்ஜில் ஒட்டி வைத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிற நமக்கு எவ்வளவு தேவைப்படும்.

அந்த நிருபத்தை எழுதியவர் இதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வது 95ஆம் சங்கீதம். அந்தச் சங்கீதம் நம்மை வனாந்தரத்துக்குக் கொண்டுபோகிறது. எண்ணாகமம் 13, 14 அதிகாரங்களைச் சின்ன வயசில் ஞாயிறு பள்ளியிலேயே எல்லோரும் படித்திருப்போம், படம் போட்ட பாடப் புத்தகத்தில் இரண்டு பேர் ஒரு தடியில் பெரிய திராட்சக்குலையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கதை தெரியும் என்பதாலேயே அதை நிதானமாக வாசிப்பது குறைந்துவிட்டது. ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பயணம் என்று உபாகமம் முதல் அதிகாரம் சொல்கிறது. எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேல் ஜனங்கள் வாக்குப்பண்ணின தேசத்தின் வாசலுக்கு வந்தாயிற்று. திராட்சை முதற்பழம் பழுக்கிற காலம். வேவு பார்க்க 12 பேர் போய் 40 நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, எஸ்கோல் பள்ளத்தாக்கிலிருந்து திராட்சையும் மாதுளையும் அத்திப்பழமும் கொண்டு வந்தார்கள்.

யோசுவா, காலேப் தவிர வேவு பார்த்த மற்ற பத்துப் பேரும் போய் என்ன கண்டார்களோ அதைத்தான் முதலில் சொன்னார்கள், அதில் பொய் இல்லை. தேசம் செழிப்பானது, பழத்தைப் பாருங்கள், உண்மை. பட்டணங்கள் அரணானவை, மிகவும் பெரியவை, உண்மை. எப்ரோனில் இராட்சதரான ஏனாக்கின் குமாரர் அகீமான், சேசாய், தல்மாய் இருந்தது உண்மை, வேதமே அந்தப் பெயர்களைத் தருகிறது. எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது, கணக்கில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டார்கள். சிவந்த சமுத்திரத்தைப் பிளந்தவர், அன்று காலையிலும் மன்னா கொடுத்தவர், அவர் அந்த அறிக்கையில் எங்கேயும் வரவில்லை. பிறகுதான் அறிக்கை துர்ச்செய்தியாக வளர்ந்தது: அந்தத் தேசம் தன் குடிகளைப் பட்சிக்கிற தேசம், நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம். அவர்கள் பார்வைக்கு எப்படி இருந்தோம் என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? எரிகோவில் ராகாப் பிற்பாடு வேவுகாரரிடம் சொல்வது நேர்மாறாக இருக்கிறது. நீங்கள் எகிப்திலிருந்து புறப்பட்டபோது சமுத்திரம் வற்றிப்போனதைக் கேள்விப்பட்டோம், எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று என்கிறாள். இந்தத் துர்ச்செய்தியைக் கேட்ட ஜனங்கள் யாரை நினைத்து ராத்திரி முழுக்க அழுது, உள்ளே போக மறுத்தார்களோ, அந்த ஊர்க்காரர்கள் இவர்களுடைய தேவனை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவிசுவாசம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தேவன் இல்லை என்று அது சொல்வதில்லை. விவரமான ஆள் மாதிரி, பொறுப்பான குடும்பத் தலைவர் மாதிரி பேசுகிறது. அதனால்தான் அதை அடையாளம் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது.

எங்கே பேசினார்கள் என்பதையும் மோசே மறக்கவில்லை. பல வருஷம் கழித்து உபாகமத்தில் அதைத் திரும்பச் சொல்லும்போது, உங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தீர்கள் என்கிறார். 106ஆம் சங்கீதமும் அதையே சொல்கிறது, அவருடைய வார்த்தையை விசுவாசியாமல் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள் என்று. சபை கூடுகிற இடத்தில் எழும்பின கூச்சலுக்கு வேர் வீட்டுக்குள் இருந்தது, புருஷனும் பெண்சாதியும் விளக்கணைத்த பிறகு பேசின பேச்சில். கர்த்தர் நம்மை வெறுத்ததினால்தான் இங்கே கொண்டுவந்தார் என்று அங்கேதான் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் பாடுகிற பாட்டை வைத்து நம் விசுவாசத்தை அளந்தால் எல்லோரும் பாஸ்தான். குடும்ப ஜெபம் முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, ஸ்கூல் பீஸ், வீட்டு லோன், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் இதையெல்லாம் பற்றிப் பேசும்போது ஆண்டவர் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. கவலைப்படுவது தப்பு என்று சொல்லவில்லை. முறுமுறுப்பதற்கும் விண்ணப்பம் பண்ணுவதற்கும் விஷயம் ஒன்றாகவே இருக்கலாம். அதே பீஸ், அதே ரிப்போர்ட். ஒன்றை அவரைப் பற்றிப் பேசுகிறோம், இன்னொன்றை அவரிடத்தில் பேசுகிறோம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது இரண்டும்.

இப்போது நான் உண்மையாகவே சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். காதேசில் ஜனங்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? எங்கள் பெண்சாதிகளும் பிள்ளைகளும் கொள்ளையாவார்களே. பிள்ளைகளுக்காக. கீழ்ப்படியாமல் போனதற்கு அவர்கள் காட்டின முகம் பாசத்தின் முகம். அதற்குக் கர்த்தர் கொடுத்த பதிலை 14:31இல் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடும். கொள்ளையாவார்கள் என்று நீங்கள் சொன்ன உங்கள் குழந்தைகளையே நான் அதில் பிரவேசிக்கச் செய்வேன் என்கிறார். யாரைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னார்களோ அந்தப் பிள்ளைகள் உள்ளே போனார்கள், சொன்னவர்கள் வெளியே விழுந்தார்கள். இன்னொன்றும் அங்கே இருக்கிறது, அதை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளைகள் 40 வருஷம் வனாந்தரத்தில் திரிந்தார்கள், அப்பா அம்மாவின் அவிசுவாசத்தைச் சுமந்துகொண்டு. பிள்ளைகளுக்காக என்று சொல்லி எடுத்த முடிவுக்கு விலை கொடுத்ததும் அந்தப் பிள்ளைகள்தான்.

நம் சபைகளில் இந்த வார்த்தை எத்தனை காரியங்களுக்கு மூடியாகப் பயன்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற மாப்பிள்ளை வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கொடுக்கிறோம், பத்திரிகையில் வரன் தேடிப் போடும் விளம்பரத்தில் அதே வரியிலேயே சாதியையும் போடுகிறோம். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று கலாத்தியரில் வாசித்தது ஞாயிறோடு சரி. கேட்டால், நாளைக்குப் பிள்ளை கஷ்டப்படக்கூடாது பாருங்க, நம்ம ஆளுங்கன்னா ஒரு பிடிப்பு இருக்கும். அப்புறம் நகை இத்தனை பவுன், ரொக்கம் இவ்வளவு, கார். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அந்தச் சட்டத்துக்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே உன் தேவைகளை அறிந்த பரமபிதா இருக்கிறார் என்று மலைப்பிரசங்கம் நம் கையில் இருந்தது. வாங்குகிறவரும் சொல்வது பிள்ளைக்காக, கொடுக்கிறவரும் சொல்வது பிள்ளைக்காக. கடன் வாங்கிக் கொடுத்த தகப்பன் பத்து வருஷம் வட்டி கட்டுகிறார், பணம் பேசி அனுப்பப்பட்ட பெண் ஒவ்வொரு பண்டிகைக்கும் அம்மா வீட்டிலிருந்து என்ன வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறாள். இதைப் பாரம்பரியம், ஊர் வழக்கம் என்றெல்லாம் பெயர் வைத்து மரியாதையாக்குகிறோம். நேராகச் சொன்னால், ஆண்டவர் என் மகளைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பவில்லை, பணம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறோம்.

நிலம் விற்கிற விஷயமும் அப்படியே. உண்மையில் பேசின விலை ஒன்று, பத்திரத்தில் எழுதுகிற விலை வழிகாட்டி மதிப்பை ஒட்டி இன்னொன்று, மீதி கையில். எல்லோரும் செய்கிறார்கள், நாம் மட்டும் முழுத்தொகை எழுதினால் வாங்குகிறவரே ஓடிப்போவார் என்று சொல்வார்கள், ஓடிப்போகவும் கூடும், அதை நான் மறுக்கவில்லை. உண்மை பேசினால் நஷ்டம் வராது என்று வேதம் எங்கேயும் உத்தரவாதம் தரவில்லை. 15ஆம் சங்கீதம் தேவனுடைய பர்வதத்தில் வாசம்பண்ணுகிறவன் யார் என்று கேட்டு, ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவன் என்று பதில் சொல்கிறது. நஷ்டம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லியே வைத்திருக்கிறது. கீழ்ப்படியாமை தொடங்குவது பேராசையில் என்று நினைக்கிறோம், பல வீடுகளில் அது பயத்தில்தான் தொடங்குகிறது. பயந்தவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பயத்துக்குக் கீழ்ப்படிந்தவன் அந்த நேரத்தில் ஆண்டவருக்குக் கீழ்ப்படியவில்லை.

எபிரெயர் மூன்றாம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை அடுத்தடுத்து வாசித்தால் இது தெளிவாகிவிடும். இளைப்பாறுதலில் பிரவேசிப்பதில்லை என்று அவர் ஆணையிட்டது யாரைக்குறித்து? கீழ்ப்படியாதவர்களைக் குறித்து, இது 18. அடுத்த வசனத்திலேயே, ஆகையால் அவிசுவாசத்தினாலே அவர்கள் பிரவேசிக்கக்கூடாமற்போனார்கள். ஒரே கூட்டத்தைத்தான் இரண்டு விதமாகச் சொல்கிறார். உள்ளே அவிசுவாசம், வெளியே கீழ்ப்படியாமை. அதனால்தான் எனக்கு விசுவாசம் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கீழ்ப்படிய முடியவில்லை என்று நாம் சொல்லும் பேச்சு நிற்காது. அந்த ஒரு விஷயத்தில்தான் நாம் அவரை நம்பவில்லை.

திரும்பி வருகிற வழியும் உண்டு, வெளியிலிருந்து உள்ளே. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு, கோர்ட்டில் கேஸ், இரண்டு பேரும் ஒரே ஆலயத்தில் வேறு வேறு பக்கம் உட்காருகிறார்கள். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. தெரிந்தே அதைச் செய்யாமல் திருவிருந்துக்குப் போகிறபோது உள்ளே ஏதோ ஒன்று தடிக்கத் தொடங்குகிறது. முதலில் ஜெபம் வறண்டுபோகும். அப்புறம் பிரசங்கியிடம் குற்றம் தெரியும். அப்புறம், ஜெபம் பண்ணி என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி வரும், அது பெரிய சிந்தனை மாதிரி தோன்றும். சிந்தனையில் பிறந்த கேள்விகள் உண்டு, அவற்றுக்கு உட்கார்ந்து பதில் தேட வேண்டும். தம்பியிடம் பேசாமல் இருப்பதில் பிறந்த கேள்விக்குப் புத்தகத்தில் பதில் கிடைக்காது. பாவத்தின் வஞ்சனையினாலே கடினப்பட்டுப்போகாதபடி என்று 13ஆம் வசனம் சொல்வது இந்தத் தடிப்பைத்தான். வஞ்சனை என்பதால், அது நடக்கும்போது நடப்பதே தெரியாது.

கடினப்படுவதற்கு நம் காலத்தில் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. காலையில் எழுந்தவுடனே வாட்ஸ்ஆப்பில் வசனம், பஸ்ஸில் போகும்போது யூடியூபில் பிரசங்கம், சாயங்காலம் இன்னொரு ஊழியரின் லைவ். இவ்வளவு வசனம் கேட்ட தலைமுறை நமக்கு முன்னால் இருந்திருக்காது. கேட்டவர்கள் விசுவாசமில்லாமல் கேட்டபடியினால் கேட்ட வசனம் பிரயோஜனப்படவில்லை என்கிறது எபிரெயர் 4:2. காதேசில் இருந்தவர்கள் சீனாய் மலையில் தேவ சத்தத்தையே கேட்டவர்கள், அதற்கு மேல் என்ன லைவ் வேண்டும்? மன்னிப்பைப் பற்றி ஒரு செய்தி கேட்டு, கண்கலங்கி, நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, மன்னிக்க வேண்டியவருக்குப் போன் பண்ணாமல் விட்டால் அந்தக் கண்ணீரே ஆபத்தாகிவிடும். செய்துவிட்டோம் என்ற நிறைவை அது கொடுத்துவிடுகிறது. ஒரு வாரம் வேறு எதையும் கேட்காமல், கேட்ட ஒன்றைச் செய்வது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

செய்வது என்றால் அதே நாளில். இதற்கும் காதேசில் ஒரு பாடம் இருக்கிறது, கதையின் இந்த வாலை ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. தண்டனையைக் கேட்ட ஜனங்கள் மிகவும் துக்கப்பட்டு, அடுத்த நாள் அதிகாலையிலேயே எழுந்து, பாவஞ்செய்தோம், கர்த்தர் சொன்ன இடத்துக்குப் போகிறோம் என்று மலைக்கு ஏறினார்கள். மோசே வேண்டாம் என்றார், கர்த்தர் உங்கள் நடுவில் இல்லை என்றார். உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தை விட்டு நகரவில்லை. போனார்கள், அமலேக்கியரும் கானானியரும் ஓர்மாவரைக்கும் துரத்தி அடித்தார்கள். நேற்று போ என்றபோது போகவில்லை, இன்று போகாதே என்றபோது போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தைரியம், மனந்திரும்புதல் எல்லாம் தெரியும். உள்ளே அதே பழைய அவிசுவாசம், அவர் சொன்னதை எடுத்துக்கொள்ளாத குணம். சங்கீதமும் நிருபமும் இன்று, இன்று என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் எழுதினது சிலரைக் காயப்படுத்திவிடும். சந்தேகம் வருகிறவர்களையும் துக்கத்தில் இருக்கிறவர்களையும் அவிசுவாசிகள் என்று முத்திரை குத்தாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், உனக்கு விசுவாசம் குறைவு என்று சொல்கிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள், அது கொடுமை. மாற்கு 9இல் ஒரு தகப்பன் கண்ணீரோடு, விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று கதறினான். இயேசு அவனைத் துரத்தவில்லை, மகனைச் சுகமாக்கினார். தோமாவையும் பாருங்கள், சென்னையில் பரங்கிமலைக்குப் போனால் அவருடைய பெயரில்தான் மலை, அங்கேதான் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது பாரம்பரியம். கண்டாலொழிய விசுவாசிக்கமாட்டேன் என்றவர். ஆனால் எட்டு நாளுக்குப் பிறகும் மற்ற சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார். கோபித்துக்கொண்டு போகவில்லை, அவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை. சந்தேகத்தோடு உள்ளே இருந்தவருக்குத்தான் ஆண்டவர் கையைக் காட்டினார். அவிசுவாசம் என்று எபிரெயர் எச்சரிப்பது விலகிப் போவதை. அழுதுகொண்டே கிட்ட வருகிறவர் விலகவில்லை.

மோசேயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஊழியத்தில் இருக்கிறவர்களுக்காக. எண்ணாகமம் 20இல் மறுபடியும் காதேஸ், மறுபடியும் தண்ணீர் இல்லை, மறுபடியும் சண்டை. அக்கா மிரியாம் அங்கேதான் இறந்து அடக்கம்பண்ணப்பட்டாள், அதற்கு அடுத்த வசனத்திலேயே தண்ணீர்ப் பிரச்சினை. கன்மலையைப் பார்த்துப் பேசு என்றார் கர்த்தர். மோசே கலகக்காரரே என்று திட்டி, கன்மலையை இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் வந்தது, ஜனங்கள் குடித்தார்கள், அந்தக் கூட்டம் வெற்றி என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். கர்த்தர் சொன்னது, நீங்கள் என்னை விசுவாசியாமற்போனீர்கள். மற்றவர்களுடைய அவிசுவாசத்தோடு பல வருஷம் போராடிக் களைத்துப்போன ஒரு மனுஷனுக்குள் அது ஒரு நாள் கோபமாக வெளியே வந்தது. தண்ணீர் வந்ததை வைத்து நம் கீழ்ப்படிதலை அளக்க முடியாது. போதகர்கள், சபை மூப்பர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், துக்கத்திலும் களைப்பிலும் இருக்கும்போது ஓய்வெடுக்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.

காலேப் இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள். நாம் உடனே போவோம் என்றவர், அதற்காகக் கல்லெறியப்பட இருந்தவர், மற்றவர்களின் தப்புக்காக அவர்களோடேயே வனாந்தரத்தில் அலைந்தவர். கூட வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மண்ணுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பார். கசந்துபோக அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. வேவு பார்க்கப் போனபோது வயது 40, யோசுவாவிடம் போய் இந்த மலைநாட்டை எனக்குத் தாரும் என்று கேட்டபோது வயது 85. கேட்டது சமவெளியை இல்லை, ஏனாக்கியர் இருந்த அதே எப்ரோனை. யோசுவா 15:14இல் அவர் துரத்தின மூன்று பேரின் பெயர் எழுதியிருக்கிறது, சேசாய், அகீமான், தல்மாய்.

அத்தனை வருஷம் ஒருவர் இப்படி நிற்க முடிந்ததற்கு யோசுவா கூட இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், வேதம் அப்படிச் சொல்லவில்லை, என் எண்ணம். நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்கிறது எபிரெயர் 3:13. நம் சபைகளில் புத்திசொல்வது போதகர் வேலை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நாடோறும், ஒருவருக்கொருவர் என்பதற்கு நம்மிடம் இருக்கிற ஏற்பாடு குடும்ப ஜெபமும் வீட்டு ஜெபக்கூட்டமும்தான், இரண்டிலும் பாட்டு, வசனம், ஜெபக்குறிப்பு, டீ என்று முடித்துவிடுகிறோம். எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் இப்போது ஜெபக்குறிப்பு வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறோம்: போன வாரம் கேட்ட வசனத்தில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யப் பயமாக இருக்கிறது? முதல் பாதிக்கு இன்னும் அமைதிதான் பதில். இரண்டாவது பாதிக்கு ஆட்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு அண்ணன் மகள் கல்யாணப் பேச்சைச் சொன்னார், மாப்பிள்ளை வீட்டில் பவுன் கணக்கு கேட்கிறார்கள், முடியாது என்று சொல்லப் பயமாக இருக்கிறது என்றார். யாரும் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அந்த வீட்டாரோடு பேசப் போகும்போது இரண்டு பேர் கூட வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம், சனிக்கிழமை போகிறோம்.